சட்டத்தில் எழுதியிருப்பதும் ஓ.பி. கவுண்டரில் கிடைப்பதும்: நெல்லைப் பக்கத்து அரசு மனநலச் சேவை

ஒரு சேவையை மதிப்பிட வேண்டுமென்றால் அது என்ன தருவதாகச் சொன்னது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அரசு மனநலச் சேவைக்கு அந்த வாக்கு அச்சிலேயே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. நாடாளுமன்றம் இயற்றியதுதான், ஆனால் அதன்படி மருந்து கொடுப்பதும் வார்டு நடத்துவதும் தனியார் மையங்களைப் பதிவு செய்வதும் மாநில அரசின் பொறுப்பு. இதற்கு முந்தைய 1987-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை எப்படி உள்ளே சேர்ப்பது, எப்படி வெளியே விடுவது என்பதிலேயே குறியாக இருந்தது. புதிய சட்டமோ நோயாளி எதையெல்லாம் உரிமையாகக் கேட்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையை வைத்துக்கொண்டு, வள்ளியூரிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ ஒரு குடும்பம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை வரை போய்வரும்போது எது கைக்கு வருகிறது, எது வழியில் நழுவுகிறது என்று பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சட்டம் நல்ல சட்டம். காசில்லாதவருக்கு அரசு மருத்துவமனையை விட்டால் இந்த நோய்க்கு வேறு நம்பகமான வழி கிடையாது, தயங்காமல் போகலாம். ஆனால் இந்தச் சேவை வாயால் கேட்பவருக்கு ஒரு விதமாகவும் எழுதிக் கேட்பவருக்கு இன்னொரு விதமாகவும் நடக்கிறது. வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பாதி இழுபறி குறைந்துவிடுகிறது. அந்தத் தாள் என்ன என்பது கீழே வருகிறது. முதலில் மருந்து.

மருந்து

பிரிவு 18 சொல்வது இது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். சமுதாய சுகாதார நிலையம் என்றால் நம் பக்கத்தில் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குளோசபின், லித்தியம், சோடியம் வால்ப்ரோயேட், புளுவாக்ஸெட்டின் எல்லாம் தேசியப் பட்டியலில் இருப்பவை. ஆக, ராதாபுரத்துக்காரர் மாத்திரைக்காகவே ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டைக்கு வர வேண்டும் என்பது சட்டம் எதிர்பார்ப்பது அல்ல.

நடைமுறையில் பெரிய மருத்துவமனையில் மருந்து பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, எழுதிய அளவு மாத்திரை இருப்பில் இல்லாமல் வேறு அளவு கொடுக்கப்படுவது. 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் வந்தால் இரண்டு போட வேண்டும். மருந்து கவுண்டரில் சொல்வார்கள், ஆனால் கூட்டத்தில் காதில் விழாது. வீட்டில் பழக்கப்படி ஒன்றே போடுவார்கள். மூன்று வாரத்தில் தூக்கம் கெட்டு, நோய் திரும்பி, "மருந்து கேக்கல" என்ற பேச்சு வரும். மருந்து கேட்டது, அளவுதான் பாதியாகிவிட்டது. கவுண்டரை விட்டு நகரும் முன் அட்டையில் உள்ள மில்லிகிராமையும் சீட்டில் உள்ளதையும் ஒத்துப்பார்த்து, எத்தனை மாத்திரை என்பதை அட்டையின் பின்னாலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பரிசோதனைக்காக அலைய வேண்டியிருப்பது. குளோசபின் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அது குறைந்துபோனால் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகிவிடும். இதற்காக வாராவாரம் நெல்லைக்கு வரத் தேவையில்லை. டோட்டல் கவுண்ட், டிஃபரன்ஷியல் கவுண்ட் இரண்டையும் பக்கத்து தாலுகா மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அப்படி எடுக்கச் சொல்லி மனநல மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டால் போதும். லித்தியத்துக்கும் ரத்த அளவு பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து கொடுத்தால் அளவு கூடக் காட்டும், டாக்டர் தேவையில்லாமல் மருந்தைக் குறைப்பார். அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலும் சூளையிலும் நிற்பவருக்கு உடம்பில் நீர் வற்றினாலும், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறும். கை நடுக்கம் அதிகமாகி வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம் வந்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது.

மாவட்டத்திலேயே குறைந்தபட்ச மனநலச் சேவை இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டு அதற்கான செலவை அரசிடம் கோரலாம் என்றும் அதே பிரிவு 18 சொல்கிறது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ஆலங்குளம், கடையம் பக்கத்து மக்கள் பழக்கத்தில் இன்னும் பாளையங்கோட்டைக்கே வருகிறார்கள்; வரலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் கேட்டு வாங்கும் உரிமை தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அந்த வெள்ளைத்தாள்

பிரிவு 14. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தனக்கென ஒரு நியமனப் பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் மருத்துவரிடம் பேசவும், சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவும், டிஸ்சார்ஜ் திட்டத்தில் கலந்துகொள்ளவும், மனநல மறுஆய்வு வாரியத்தில் (கீழே 'வாரியம்') முறையிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முத்திரைத்தாள், நோட்டரி, கட்டணம் எதுவும் வேண்டாம். சாதாரணத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"இன்ன ஊரைச் சேர்ந்த, இன்னாருடைய மகன் அல்லது மகளாகிய நான், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன். அவர் முகவரி, போன் நம்பர் இது. இதற்கு அவர் சம்மதித்திருக்கிறார்." கீழே இருவர் கையெழுத்தும் தேதியும். பிரதிநிதியும் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நாலு நகல்: ஒன்று ஓ.பி. நோட்டுக்குள், ஒன்று பிரதிநிதியிடம், ஒன்று வீட்டில், ஒன்று மருத்துவரின் கோப்பில்.

இதை எழுத ஏற்ற நாள் நோயாளி தெளிவாக இருக்கும் நாள். கொதிநிலையில் இருக்கும்போது எழுதினால் நிற்காது. பெரும்பாலான வீடுகளில் அந்த நல்ல நாளில்தான் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "சரியாப்போச்சுல்லா, இனி எதுக்கு அந்தப் பேச்சு" என்று ஒதுக்கிவிடுவார்கள். தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் உறவினர், அடுத்து பராமரிப்பவர், அதன்பின் வாரியம் நியமிக்கும் ஒருவர். உறவினர் என்ற அந்த ஒரு சொல்லில்தான் சண்டை முளைக்கிறது. கணவர் ஒரு பக்கம், பெண்ணின் அம்மா ஒரு பக்கம், சொத்துக்குக் கண் வைத்த அண்ணன் ஒரு பக்கம். மனைவிக்குக் கணவர்தான் பிரதிநிதி என்ற கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. அம்மாவையோ தங்கையையோ கூடப் பீடி சுற்றும் தோழியையோ கூட அவள் நியமிக்கலாம். வேண்டாமென்றால் மாற்றவும் செய்யலாம்.

இதனுடன் பிரிவு 5-இன் முன்கூட்டிய அறிவுறுத்தலையும் எழுதலாம். எனக்கு முடியாமல் போனால் இன்ன மருந்து தாருங்கள், இன்னது வேண்டாம், ஷாக் வைக்க வேண்டாம், இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று. இதை முறைப்படி வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. செல்லுபடியாகும் அறிவுறுத்தலின் நகல் தன்னிடம் தரப்படாமல் இருந்தால், அதைப் பின்பற்றாததற்கு மருத்துவர் பொறுப்பாக மாட்டார் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்த அறிவுறுத்தல் எதற்கும் உதவாது. மருத்துவர் கையில் இருக்கும் நகல்தான் பேசும்.

சேர்க்கை: இரண்டு வாசல்

முதல் வாசல், நோயாளி தானே சம்மதித்துச் சேர்வது (பிரிவு 86). நினைத்தபோது போகலாம் என்பதுதான் இதன் அடையாளம். டிஸ்சார்ஜ் கேட்டால் விட வேண்டும். ஆபத்து இருக்கிறதா என்று மதிப்பிட மருத்துவர் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது வாசல், ஆதரவுடன் கூடிய சேர்க்கை (பிரிவு 89). குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். "நாங்க கூட்டிட்டு வந்துட்டோம், நீங்க சேத்துக்கிடுங்க" என்றால் நடக்காது. நியமனப் பிரதிநிதி எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநலப் பணியாளரோ பொது மருத்துவரோ தனித்தனியாக, அன்றைக்கோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ பார்த்திருக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்த அண்மையில் முயன்றார் அல்லது மிரட்டினார். பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அஞ்சவைத்தார். தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் – இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவரிடம் "ரொம்பத் தொல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் கையில் எதுவும் இருக்காது. என்ன தேதியில், என்ன செய்தார், யார் பார்த்தார்கள், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை, எழுதாமல் போனால் அரைநாள் இழுக்கும்.

இந்தச் சேர்க்கைக்கு 30 நாள்தான் உச்சம். ஏழு நாளுக்கு ஒருமுறை, தானே முடிவெடுக்கும் திறன் திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் அவர் முதல் வாசல் நோயாளியாகிவிடுகிறார். பெண்ணையோ சிறாரையோ சேர்த்தால் மூன்று நாளுக்குள்ளும் மற்றவர்களைச் சேர்த்தால் ஏழு நாளுக்குள்ளும் மருத்துவமனை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளைத் தாண்ட வேண்டுமென்றால் பிரிவு 90: இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். "டாக்டர் ஒரு மூணு மாசம் வச்சிக்கிடுங்க, கோயில் கொடை முடிஞ்சு வாரோம்" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. அந்த வேண்டுகோளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை, இல்லாதது சரிதான்.

ஊர்ப்பேச்சில் "கோட்டி" (பைத்தியம்) என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். சட்டம் மிகவும் கவனமாக இருக்கிறது. பிரிவு 3-இன்படி, முன்பு சிகிச்சை எடுத்தவர் என்பதாலேயே இன்றைக்கும் நோயாளி என்று முடிவு செய்ய முடியாது. மனநோய் என்று மருத்துவர் எழுதினாலும், நீதிமன்றம் அறிவிக்காத வரை அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். விவாகரத்து வழக்கில் பழைய ஓ.பி. சீட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு இது பதில். இன்னொன்றும் அதே பிரிவில் உண்டு. நம் மாவட்டத்துக்கு அதைவிட முக்கியமான வரி கிடையாது. சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பது மனநோய்க்கு ஆதாரம் ஆகாது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணை "புத்தி பேதலிச்சிட்டு" என்று மருத்துவமனைக்கோ மையத்துக்கோ கூட்டிக்கொண்டு போனால், அவளைச் சேர்க்கச் சட்டப்படி வழியே இல்லை. அந்தப் பெண் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டும்.

மறுவாழ்வு மையங்கள்

இந்தச் சேவையின் மிக மோசமான மூலை இது. மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளும் இந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருகின்றன. அதனால் குடிநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையமும் மனநல நிறுவனம்தான். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், யோகா என்று எந்த முறையில் தங்கவைத்துச் சிகிச்சை தந்தாலும் இதே விதி. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையிலும், இரண்டாவது முறை 2 லட்சம் வரையிலும், அதற்கு மேல் 5 லட்சம் வரையிலும் அபராதம் (பிரிவு 107).

வேனில் நாலு பேர் வந்து, தூங்கிக்கொண்டிருப்பவரைக் கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய், மூன்று மாதத்துக்குப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் மையம், மேலே சொன்ன இரண்டு வாசலில் எதன் வழியாகவும் ஆளைச் சேர்க்கவில்லை. "மூணு மாசம் பாக்க வரக்கூடாது" என்று சொல்வதும் சட்டத்துக்கு எதிரானது. பிரிவு 26-இன்படி பார்வையாளரைச் சந்திக்கவும் போன் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் இதெல்லாம் சரியாகிவிடாது.

உயிர் போவது எங்கே என்றால், முதல் நாலு நாளில். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் வியர்த்துக்கொட்டி, கைநடுங்கி, இல்லாத பூச்சி ஊர்வதாகத் தட்டிவிட்டு, நேரம் இடம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். அது உடம்பின் அவசர நிலை. அடித்து அடக்குவதால் தீராது. அப்போது தேவை மருத்துவர் கண்காணிப்பில் தூக்க மருந்து வகையும் தையமின் (வைட்டமின் பி1) ஊசியும். தையமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆகவே மையத்தில் கேட்க வேண்டியவை: பதிவுச் சான்று எங்கே மாட்டியிருக்கிறது? மனநல மருத்துவர் பெயர் என்ன, எந்த நாளில் வருகிறார்? இரவில் நர்ஸ் யார்? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எதில் கொண்டுபோவீர்கள்? இதில் ஒன்றுக்குத் தடுமாறினாலும் வேண்டாம். குடியை நிறுத்தும் முதல் வாரத்தை அரசு மருத்துவமனையில் கழித்துவிட்டு, அதன்பின் மையத்தைப் பற்றி யோசிப்பது பாதுகாப்பு.

வார்டுக்குள்

பிரிவு 20 படிக்கும்போது மனம் நெகிழும். நோயாளிக்கு மொட்டை அடிக்கக் கூடாது. சொந்த உடை அணிய விரும்பினால் விட வேண்டும். கட்டாய வேலை கூடாது. வேலை செய்தால் கூலி தர வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துப் பொருள்கள் தர வேண்டும். தாயோடு வரும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது (பிரிவு 21). இதையெல்லாம் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்பதே இதற்கு முன் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது.

ஷாக் சிகிச்சையைப் பற்றி வீடுகளில் பெரும் பயம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பது தடை (பிரிவு 95). முறையாகக் கொடுத்தால், சாப்பாடு தண்ணீர் எதுவும் எடுக்காமல் மரக்கட்டையாகக் கிடப்பவரையும் தற்கொலை எண்ணம் முற்றியவரையும் அது மீட்டுத் தருகிறது; சினிமா பார்த்துப் பயந்து மறுக்க வேண்டாம். சிறாருக்கு என்றால் பாதுகாவலர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். கட்டிப்போடுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும். தண்டனையாகவோ ஆள் போதவில்லை என்றோ கட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தனியறையில் அடைப்பது அறவே கூடாது (பிரிவு 97).

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். அந்த ஏர்வாடிக்கு நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கோயிலிலோ தர்காவிலோ சர்ச்சிலோ வேண்டிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. கயிறு மந்திரித்துக் கட்டட்டும், மாத்திரையும் போடட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. காலில் விலங்கு போடுவதைத்தான் தடுக்கிறது. வீட்டிலேயே கட்டிப்போட்டு வதைத்தாலோ கவனிக்காமல் விட்டாலோ, தெரிந்த எவரும் காவல் நிலையத்தில் சொல்லலாம். காவல் அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும் (பிரிவு 101).

ஜங்ஷன் ரயில் நிலையத்தைச் சுற்றியோ தேரடியிலோ தனியாகத் திரிபவரைப் பார்த்தாலும் காவல் நிலையத்துக்கே தகவல் தரலாம். அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் (பிரிவு 100). தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது பிரிவு 115. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பூச்சிமருந்து குடித்தவரை ஒளித்துவைத்து நேரத்தைக் கடத்தும் வீடுகளுக்கு இது போய்ச்சேர வேண்டிய செய்தி.

குறை சொல்லும் வழி

முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரி, அடுத்து மனநல மறுஆய்வு வாரியம், அதற்கு மேல் மாநில மனநல ஆணையம் (பிரிவு 28). வாரியத்துக்கு மாவட்ட நீதிபதி நிலையிலானவர் தலைவர். கலெக்டரின் பிரதிநிதி, மருத்துவர்களோடு, மனநோய் உள்ளவர்களோ பராமரிப்பவர்களோ தொண்டு நிறுவனத்தினரோ இரண்டு பேரும் உறுப்பினர். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, விசாரணை மூடிய அறையில். பிரிவு 89 சேர்க்கையை எதிர்த்த மனுவை 7 நாளில், பிரிவு 90 சேர்க்கையை எதிர்த்ததை 21 நாளில், மற்றவற்றை 90 நாளில் முடிக்க வேண்டும். வாரியத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம். நமக்கு மதுரைக் கிளை.

வாரியத்தின் முகவரி, போன் நம்பரை மருத்துவமனையிலும் மையத்திலும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மனுப் படிவமும், வாரியத்துக்கு இலவசமாகப் போன் பேசும் வசதியும் நோயாளிக்குத் தர வேண்டும் (பிரிவு 72). இந்தப் பலகை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எந்த இடத்தையும் எடைபோட மிக எளிய வழி. பலகையே இல்லாத இடத்தில் மற்ற விதிகளும் பெரும்பாலும் ஏட்டோடு நிற்கும். சேவையின் பலவீனமும் இதில்தான்: மக்களுக்கு வாரியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதுவரை கைகொடுப்பவை பழைய வழிகள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. எந்த மனுவிலும் பிரிவு எண்ணை எழுதுங்கள். "சரியாக் கவனிக்கல" என்ற மனுவுக்கு ஒரு பதில் கடிதம் வரும். "பிரிவு 97-இன்படி பிரதிநிதிக்குத் தகவல் தரவில்லை" என்ற மனுவுக்கு ஒருவர் விளக்கம் எழுதியாக வேண்டும்.

சான்றிதழும் காப்பீடும்

மனநோய் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி. ஐடியாஸ் என்ற அளவுகோலில் தன்னைப் பராமரித்தல், மற்றவரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு பகுதிக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்துக்குத் தனியாக. இங்கே குடும்பமே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறது. வெட்கத்தில் "எல்லாம் அவனே செஞ்சுக்கிடுவான் டாக்டர்" என்பார்கள். சொன்னால்தான் குளிக்கிறான், தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான், வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்வதில் எந்தக் கேவலமும் இல்லை. தொடர்ந்து சிகிச்சை எடுத்த ஓ.பி. நோட்டும் டிஸ்சார்ஜ் சம்மரிகளும் கையில் இருக்கட்டும். தொலைந்திருந்தால் பிரிவு 25-இன்படி நகல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

தனியார் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும் (பிரிவு 21); 2018 ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டுவிட்டது. படுக்கைச் சேர்க்கைக்குப் பயன்படும், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் பயன்படாது. நோயை மறைத்துப் பாலிசி எடுத்தால் பின்னால் க்ளெய்ம் நிற்காது.

டிஸ்சார்ஜ் நாள்

பிரிவு 98-இன்படி, அனுப்பும் முன் மருத்துவர் நோயாளியோடும் பிரதிநிதியோடும் உட்கார்ந்து அடுத்து என்ன சிகிச்சை என்று திட்டம் போட வேண்டும். கூட்டத்தில் இது ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடும், அதனால் கேள்விகளோடு போங்கள். அடுத்த ஓ.பி. எந்தக் கிழமை? அதுவரை மாத்திரை போதுமா, எண்ணிப் பார்த்தீர்களா? நம் பக்கத்து அரசு மருத்துவமனையில் இதே மருந்தைத் தொடர்ந்து வாங்கச் சீட்டு எழுதித் தருவீர்களா? மாவட்ட மனநலத் திட்டக் குழு நம் பக்கத்து மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறது? மாதம் ஒருமுறை போடும் ஊசி என்றால் அடுத்த தேதி என்ன, அதை எந்த நர்ஸ் போடுவார்? ராத்திரி தூக்கம் கெட்டால், மாத்திரையைத் துப்பினால் யாரைக் கேட்பது? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. ஆளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய நிலை என்றால் 108. இரண்டு எண்ணையும் மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டு வார்டை விட்டுக் கிளம்புங்கள்.